வீதியும் வரிப்பணமும்: பேர்மிங்காம் நகரசபையின் வரலாறு

நகராட்சியென்பது பெரும்பான்மையும் வீதியாட்சியே. வீதியை அகலஞ் செய்தல், அதிற் கல் பரவுதல், அதன்கீழ்க் கழிவுநீர்க் கால் அமைத்தல், அதன் ஓரத்தில் விளக்கேற்றல், அதில் வண்டி நிறுத்தற்கு இடம் வகுத்தல் என்னும் தொழில்களின் பொருட்டே நகரசபைகள் வரி விதித்தன, கடன்பட்டன, பழியும் புகழும் எய்தின. ஆதலின், ஒரு நகரசபை தன் வீதிகளுக்கு வேண்டிய பணத்தை எவ்வாறு தேடிற்று, எவ்வாறு செலவிட்டது, அச்செலவினாற் பயன்பெற்றோர் யாவர், இழந்தோர் யாவர் என ஆராய்தல் அந்நகரத்தின் சமுதாய வரலாற்றை ஆராய்தலேயாகும்.

பொருள் வரும் வழியை உண்டாக்கல், வந்ததைத் திரட்டல், திரட்டியதைக் காத்தல், காத்ததைப் பகுத்துச் செலவிடல் என அரசின் பொருட்கடனைத் திருவள்ளுவர் நால்வகைப்படுத்தினார். நகரசபையும் தன்னளவில் ஒரு சிற்றரசாதலின், இந்நான்கும் அதற்கும் பொருந்துவனவே. இவற்றுள் எது குறையினும் ஏனையவும் நிலைபெறா என்பதற்கு இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பேர்மிங்காம் நகரத்தின் வரலாறு தக்க சான்றாகும். ஒரு காலத்தில் நகராட்சிக்கு இலக்கணமாக எடுத்துக்காட்டப்பட்ட அந்நகரம், 2023ஆம் ஆண்டில் தன் வரவு தன் செலவுக்குப் போதாதென்று தானே அறிக்கையிட நேர்ந்தது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டு ஆராயத்தக்கது.

சபை தோன்றுமுன்

18ஆம் நூற்றாண்டிற் பேர்மிங்காம் பட்டறைகள் நிறைந்த ஊராக விளங்கிற்று. பொத்தான், பித்தளைப் பொருள், துப்பாக்கி, அணிகலன் முதலியன அங்கே செய்யப்பட்டன. தொழில் பெருகியதாயினும் அவ்வூருக்கு நகராண்மைப் பட்டயம் இருந்ததில்லை. 1769ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்றினால் வீதி ஆணையாளர் என்னும் குழு அமைக்கப்பட்டது. வீதியைத் துப்புரவாக்கலும், விளக்கேற்றலும், இடையூறான கட்டடங்களை நீக்கலும் அவர்தம் கடமைகள். 1834இல் திறக்கப்பட்ட நகர மண்டபமும், 1835இல் திறக்கப்பட்ட சந்தை மண்டபமும் அவர்கள் செய்த நற்பணிகள். ஆயினும் அவர்கள் மக்களாற் றெரிவு செய்யப்பட்டவரல்லர். வெற்றிடம் நேரும்போது தமக்குத் துணையாவாரைத் தாமே நியமித்துக்கொண்டனர்.

1838இற் பேர்மிங்காம் பட்டயம் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் முதலாவது நகரசபை தெரிவு செய்யப்பட்டது. அதன்பின்னும் பதின்மூன்றாண்டுகள் ஆணையாளரும் நகரசபையும் ஒரே ஊரில் அருகருகே ஆட்சி செலுத்தினர். 1851ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஆணையாளரின் அதிகாரம் முழுவதும் சபைக்கு மாறிற்று. வீதியும் வரியும் ஒரே கையில் வந்த காலம் இதுவே.

சிக்கனக் கட்சியினர்

அதிகாரம் வந்தவுடன் முன்னேற்றம் வந்திலது. 1850களின் பிற்பகுதியிற் சபையிற் செல்வாக்குப் பெற்றவர் ‘சிக்கனக்காரர்’ எனப்பட்டோர். இவர்களின் தலைவர் ஜோசப் ஓல்டே என்பவர். ‘உவுட்மன்’ என்னும் மதுச்சாலையிற் கூடி இவர்கள் சபையின் காரியங்களை முன்கூட்டியே முடிவு செய்தனர். வடிகாலுக்கும் வீதிக்கும் ஆகுஞ் செலவைக் குறைத்தலே இவர்தம் கொள்கை. நெடுங்காலம் பணியாற்றிய நகர அளவையாளர் 1857இல் விலக்கப்பட்டமை இக்கொள்கையின் விளைவே.

இவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்குதல் நேர்மையன்று. நகரவரி ஆதனத்தின் மதிப்பின்மேல் விதிக்கப்பட்டதாதலின், அதன் சுமை சிறுகடைக்காரரையும் சிறு வீட்டுக்காரரையும் நேரே தாக்கிற்று. பெருந்தொழிலதிபரின் இலாபம் இவ்வரிக்கு எட்டாதிருந்தது. வரி ஏறினாற் றம் பிழைப்புக் குன்றுமென்று அவர்கள் அஞ்சியது இயல்பு. எனினும் அவர்கள் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. வடிகாலுக்குச் செலவிடாத பணம் மிச்சமாயிற்றென்று எழுதினரேயன்றி, அவ்வடிகாலின்மையாற் காய்ச்சலுற்ற தொழிலாளி இழந்த கூலியையும், அநாதையான பிள்ளைகளைப் பேணும் செலவையும் எவ்வேட்டிலும் எழுதினாரல்லர். செலவைக் குறைத்தலும் செலவை மறைத்தலும் வேறுவேறு என்பதை நகரம் உணரப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன.

சேம்பர்லேனின் மூன்று செயல்கள்

இவ்வுணர்வை முதலில் ஊட்டியவர் சமயபோதகர்களே. ஜோர்ஜ் டோசன், ஆர். டபிள்யூ. டேல் என்னும் இருவரும், நகரம் என்பது வீடுகளின் குவியலன்று, மக்களின் உயர்ந்த நோக்கங்கள் உருப்பெறும் உடல் என்றும், நகரசபையிற் பணிசெய்தல் சமயக் கடமையோ டொக்குமென்றும் போதித்தனர். இது பின்னர் ‘நகரவேதம்’ எனப் பெயர்பெற்றது. அப்போதனையைச் செவிமடுத்த தொழிலதிபர் பலர், அதுகாறும் தாம் இகழ்ந்து விலகியிருந்த சபைக்குள் நுழைந்தனர். அவருட் சிறந்தவர் யோசேப்பு சேம்பர்லேன்.

இலண்டனில் 1836இற் பிறந்த சேம்பர்லேன் 1854இற் பேர்மிங்காம் வந்து, திருகாணி செய்யும் தொழிலிற் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1869இற் சபை அங்கத்தவராகி, 1873 நவம்பரில் நகரபிதாவானார். மும்முறை அப்பதவிக்குத் தெரிவு செய்யப்பட்டு, 1876இற் பாராளுமன்றம் புகுந்தார். அக்குறுகிய காலத்தில் அவர் செய்தன மூன்று.

முதலாவது, நகரத்திலிருந்த இரண்டு வாயுக் கம்பனிகளையும் ஏறக்குறைய 20 இலட்சம் பவுணுக்குச் சபையே வாங்கியது. இரண்டாவது, தண்ணீர்க் கம்பனியை 13½ இலட்சம் பவுணுக்கு வாங்கியது. இவ்விரண்டிலும் அவர் வெவ்வேறு கொள்கையைக் கடைப்பிடித்தமை நோக்கத்தக்கது. வாயு விற்பனையில் இலாபம் ஈட்டலாம். அவ்விலாபம் வரிச்சுமையைக் குறைக்கவும் நகரத்தைச் செப்பஞ்செய்யவும் உதவும். தண்ணீரிலோ இலாபம் கருதலாகாது. அது மக்களின் உயிர்நிலை. வருவாய் மிகுமாயின் விலை குறைதல் வேண்டும். எப்பொருளால் ஈட்டலாம், எப்பொருளால் ஈட்டலாகாது என்னும் இப்பாகுபாடு அவருடைய நிருவாக அறிவின் உச்சமெனலாம்.

இக்கொள்கை எவ்வாறு பயன் தந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுண்டு. நூனிலையங்களுக்கும் கலைக்கூடங்களுக்கும் பவுண் ஒன்றுக்கு ஒரு பென்சுக்கு மேல் வரி விதித்தலாகாதென்று சட்டம் அக்காலத்தில் எல்லை வகுத்திருந்தது. அவ்வரி புதிய கலைக்கூடத்துக்குப் போதாதாயிற்று. ஆகவே வாயுக்குழுவினர் தம் அலுவலகத்துக்கென ஒரு கட்டடம் எழுப்பி, அதன் மேன்மாடத்தைக் கலைக்கூடத்துக்கு அளித்தனர். 1885இல் திறக்கப்பட்ட அக்கூடம் இன்றும் அந்நகரின் பெருமைகளுள் ஒன்றாகத் திகழ்கின்றது.

கோப்பரேசன் வீதி

மூன்றாவது செயலே வீதிபற்றியது. 1875இல் உள்நாட்டமைச்சர் றிச்சாட் குறொஸ் கொண்டுவந்த தொழிலாளர் வதிவிடச் சீர்திருத்தச் சட்டம், சுகாதாரக்கேடான குடியிருப்புக்களைச் சபைகள் கட்டாயமாக வாங்கி இடித்தற்கு அதிகாரம் தந்தது. அச்சட்டத்தை முதன்முதற் பெரிய அளவிற் கையாண்ட நகரங்களுட் பேர்மிங்காம் ஒன்று. நகரின் நடுவே ஏறத்தாழ 93 ஏக்கர் பரப்பு இத்திட்டத்துள் அடக்கப்பட்டது. முன்னேற்றக் குழுவின் தலைவர் உவில்லியம் உவைற் அப்பகுதியின் இருண்ட முடுக்குகளையும், ஈரஞ் சுவறிய சுவர்களையும், நோயுற்ற குடும்பங்களையும் சபையில் எடுத்துரைத்தபோது எதிர்ப்புப் பெரிதும் அடங்கிற்று.

இடித்தல் 1878இல் தொடங்கியது. அந்நிலத்தின் ஊடே 66 அடி அகலமுள்ள புதிய வீதி திறக்கப்பட்டுக் ‘கோப்பரேசன் வீதி’ எனப் பெயரிடப்பட்டது. அதன் இருமருங்கிலும் கடைகளும் அலுவலகங்களும் எழுந்தன. 1891இல் விக்ரோரியா நீதிமன்றங்களும் அங்கே திறக்கப்பட்டன. இதிற் சிறப்பாக நோக்கவேண்டியது நிலத்தை விற்காமற் குத்தகைக்கு விட்ட முறையாகும். சபை தான் வாங்கிய மனைகளை 75 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. குத்தகைப்பணம் ஆண்டுதோறும் வரும். கடன் மெல்லமெல்லத் தீரும். முக்கால் நூற்றாண்டு கழிந்தபின் நிலமும் அதன்மேல் எழுந்த கட்டடங்களும் நகரத்துக்கே மீளும். வீதி திறந்தமையால் ஏறும் நிலமதிப்புத் தனியாரைச் சேராமற் பொதுமக்களைச் சேரவேண்டுமென்பதே இதன் உட்பொருள். வீதிச்செலவைச் செலவென்று கொள்ளாது முதலீடென்று கொண்ட நிருவாகிகளுள் சேம்பர்லேன் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர்.

ஆயின், இத்திட்டத்திலும் கணக்கில் ஏறாத ஒரு பகுதியுண்டு. சட்டத்தின் பெயரே தொழிலாளர் வதிவிடத்தைக் குறிப்பதாயினும், புதிய வீதியில் தொழிலாளர்க்கு வீடு கட்டப்பட்டிலது. ஊரில் வெற்றுவீடுகள் போதியன உள; இடமிழந்தோர் அங்கே குடியேறலாம் என்று சபையார் வாதித்தனர். குடியெழுப்பப்பட்டோர் தம் வேலைத்தலங்களை விட்டுத் தொலைவிற் செல்ல இயலாதவராய் அண்டையிலிருந்த பழைய முடுக்குகளிலே மேலும் நெருங்கி வாழ்ந்தனர். இடிக்கப்பட்ட பகுதியில் இறப்பு வீதம் குறைந்ததென்று அறிக்கைகள் பெருமையுடன் கூறின. அங்கிருந்து சென்ற ஏழைகள் வேறிடத்தில் இறந்ததை அவை கூறவில்லை. சபை தானே வீடு கட்டத் தலைப்பட்டது 1890இலேயே. ரைடர் வீதியிற் கட்டிய வீடுகள் 22 மட்டுமே. முன்னைய சிக்கனக்காரர் ஏழையின் நோயைக் கணக்கில் எழுதாது விட்டனர். பின்வந்த சீர்திருத்தக்காரர் ஏழையின் வீட்டை எழுதாது விட்டனர்.

வருவாயூற்றுக்கள் வற்றியமை

1889இற் பேர்மிங்காம் மாநகரப் பட்டம் பெற்றது. 1904இல் உவேல்சு நாட்டு எலான் பள்ளத்தாக்கிலிருந்து 73 மைல் நீளமுள்ள கால்வழியால் அதற்கு நீர் வந்தது. அவ்வாண்டிலேயே மாநகரசபை தன் சொந்தத் திறாம் வண்டிகளை ஓட்டத் தொடங்கிற்று. 1911இல் அயலூர்கள் இணைக்கப்பட்டமையால் இலண்டனுக்கு அடுத்த பெரிய நகரமாயிற்று. சேம்பர்லேனின் மகன் நெவில் சேம்பர்லேன் நகரபிதாவாயிருந்த காலத்தில் 1916இற் சேமிப்பு வங்கியொன்று தோன்றி, 1919இல் மாநகர வங்கியாக நிலைபெற்றது. இவ்வாறு வாயு, தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து, வங்கி என்பனவெல்லாம் ஒரே சபையின் கீழ் அமைந்தன.

இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாறிற்று. மின்சாரம் 1948இலும் வாயு 1949இலும் நாட்டுடைமையாயின. போக்குவரத்து 1969இற் பிராந்திய நிறுவனமொன்றுக்குச் சென்றது. தண்ணீர் 1974இற் பிராந்திய நீரதிகாரசபைக்கு மாறி, 1989இற் றனியார் கைப்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே சீரான சேவை வேண்டுமென்னும் நன்னோக்கம் இம்மாற்றங்கள் சிலவற்றுக்குண்டு. எனினும் அவற்றின் பயனாக, பொருள்வழியைத் தானே இயற்றிய சபை, ஆதனவரியையும் நடுவணரசின் மானியத்தையுமே நம்பியிருக்கும் சபையாயிற்று. வீதிக்குச் செலவிடும் கடமை எஞ்சியது. அச்செலவைத் தாங்கிய ஊற்றுக்கள் எஞ்சவில்லை.

மோட்டார் வண்டியும் வட்டவீதியும்

இதே காலத்தில் வீதியின் தன்மையும் மாறிற்று. பேர்மிங்காமின் எல்லைப்புறத்திலுள்ள லோங்பிறிச்சில் 1905இல் ஒஸ்ரின் மோட்டார்த் தொழிற்சாலை நிறுவப்பட்டது. மோட்டார் வண்டி செய்து பிழைக்கும் நகரம் மோட்டார் வண்டிக்கு வழிவிடுதலைத் தன் கடமையாகக் கருதியது வியப்பன்று. 1935 முதல் 1963 வரை நகரப் பொறியியலாளராயிருந்த ஹேபேட் மன்சோனி நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வட்டவீதி அமைத்தற்குத் திட்டம் வகுத்தார். அதற்கு வேண்டிய அதிகாரத்தை 1946ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. போருக்குப் பின் நிலவிய பணமுடையாலும் பொருள் முடையாலும் வேலை 1957இலேயே தொடங்கிற்று. நகரின் கடைசித் திறாம் வண்டி 1953இல் ஓடி நின்றுவிட்டது.

முதலிற் கட்டிய ஸ்மோல்புறூக் பகுதி இருமருங்கும் கடைகளையுடைய அகன்ற நகரவீதியாக அமைந்தது. கோப்பரேசன் வீதியிற் போலவே இங்கும் மனைகள் குத்தகைக்கு விடப்பட்டன. பின்வந்த பகுதிகளோ வண்டிக்கு மட்டுமே உரியனவாய், மேம்பாலமும் சுரங்கமும் தாழ்ந்த வட்டச்சந்தியுமாக அமைந்தன. நடந்து செல்வோர் நிலத்தின்கீழுள்ள சுரங்கப்பாதையால் வீதியைக் கடக்கவேண்டியதாயிற்று. 1971 ஏப்பிரலில் எலிசபெத் அரசியார் வட்டவீதியைத் திறந்துவைத்தார். ஒரு பகுதிக்கென்று கருதியிருந்த ‘குயீன்ஸ்வே’ என்னும் பெயரை அவர் வீதி முழுவதற்கும் இட்டுவிட்டாரென்றும், அதனாலேயே அப்பெயர் எங்கும் நிலைத்ததென்றும் கூறுவர்.

வட்டவீதியை நிறைவேற்றியவர்கள் ஊழலுக்காகவோ தந்நலத்துக்காகவோ அதனைச் செய்தாரல்லர். அக்காலத்து வல்லுநர் பலரும் புகழ்ந்த திட்டமே அது. ஆயினும் சில ஆண்டுகளில் அதன் குறை வெளிப்பட்டது. நகர நடு ஒரு சிறு வட்டத்துள் அடைபட்டது; வட்டத்துக்கு வெளியே வணிகம் பரவ இடமின்றி, வட்டத்துள் வாடகை ஏறிற்று; முதியோரும் பெண்களும் இரவிற் சுரங்கப்பாதையிற் செல்ல அஞ்சினர். மக்கள் அவ்வீதியைக் ‘கொங்கிறீற்றுக் கழுத்துப்பட்டை’ என்று இகழ்ந்தனர். வண்டி மிச்சம்பிடித்த நிமிடங்களைக் கணக்கிட்ட பொறியியலாளர், நடப்போன் இழந்த நிமிடங்களைக் கணக்கிட்டிலர்.

1988இற் பல நாட்டு வல்லுநரும் சபையாரும் கூடி இதனை ஆராய்ந்தனர். கூடிய இடம் ஹைபெரி. சேம்பர்லேன் தமக்கென எழுப்பிய மாளிகை அது. வட்டவீதியின் பிடியைத் தளர்த்தி, நடப்போர்க்கு வழியைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமென அங்கே முடிவாயிற்று. அதன்படி வட்டவீதி ஓரிடத்திற் றாழ்த்தப்பட்டு அதன்மேல் அகன்ற நடைவழி அமைக்கப்பட்டது. 1993இல் விக்ரோரியா சதுக்கம் நடப்போர்க்கே உரியதாயிற்று. உயர்த்திக் கட்டிய மாஸ்ஹவுஸ் சந்தி 2002இல் இடிக்கப்பட்டது. 1964இல் திறந்த புல் றிங் அங்காடியும் 2000இல் இடிக்கப்பட்டு 2003இற் புதிதாக எழுந்தது. ஒரு தலைமுறை கடன்பட்டுக் கட்டியதை மறுதலைமுறை கடன்பட்டு இடித்தது.

தரிப்பிடம் யாருடையது?

ஓடும் வண்டியைப்போலவே நிற்கும் வண்டியும் நகரசபைகளுக்கு இடர் விளைத்தது. வீதி செல்லுதற்கே உரியது, நிற்றற்கன்று என்பது ஆங்கில வழக்குச்சட்டத்தின் பழைய கொள்கை. மோட்டார் வண்டிகள் பெருகவே அக்கொள்கை நடைமுறையிற் றளர்ந்தது. 1925ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், தரிப்பிடம் அமைத்தற்குச் சபைகளுக்கு அதிகாரம் தந்தது. தரிப்புக்குக் காசு பெறும் மானி முதன்முதல் 1935 யூலையில் அமெரிக்காவின் ஒக்லகோமா நகரில் நாட்டப்பட்டது. அங்கே வேலைசெய்வோரின் வண்டிகள் நாள்முழுதும் கடைவாயிலில் நின்றமையால் வாங்கவருவோர்க்கு இடமில்லையென்பது வணிகரின் முறைப்பாடு. அதனைத் தீர்த்தற்கே மணிக்கு ஐந்து சதம் அறவிடப்பட்டது. பிரித்தானியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடமளிக்க, 1958 யூலையில் இலண்டன் மேபெயர்ப் பகுதியில் மானிகள் நிறுவப்பட்டன.

இவற்றின் நோக்கம் வருவாயன்று. இடத்தைப் பலர்க்கும் முறையே பகிர்ந்தளித்தலே. ஆயினும் காசு விழும் பெட்டியைக் கண்ட சபை அதனை வருவாயாகக் கருதாதிருத்தல் அரிது. ஆகவே 1984ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டம், தரிப்பினால் வரும் மிகுதிப்பணத்தைப் பெரும்பாலும் போக்குவரத்துக்கும் வீதிக்குமே செலவிடவேண்டுமென வரையறுத்தது. இலண்டனைச் சார்ந்த பாணற் சபை வதிவோரின் தரிப்பு அனுமதிக் கட்டணத்தை 40 பவுணிலிருந்து 100 பவுணாக உயர்த்தியபோது வழக்கொன்று எழுந்தது. வேறு போக்குவரத்துச் செலவுகளை ஈடுசெய்யும் வருவாய் கருதித் தரிப்புக்கட்டணத்தை உயர்த்தல் சட்டத்துக்கு மாறானதென 2013இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாயுவால் இலாபம் கொள்ளலாம், தண்ணீரால் ஆகாது என்று சேம்பர்லேன் வகுத்த எல்லையை இத்தீர்ப்பு நினைவூட்டுகின்றது.

பேர்மிங்காமும் பின்னர் இத்துறையில் வழியை மாற்றிக்கொண்டது. 2021 யூன் முதல், புகை மிகுதியாக உமிழும் பழைய வண்டிகள் நகர நடுவிற் புகுந்தால் மோட்டார்க்காருக்கு நாளொன்றுக்கு 8 பவுணும், பாரவண்டிக்கும் பேருந்துக்கும் 50 பவுணும் அறவிடப்பட்டன. அவ்வாண்டிலேயே சபை ஏற்றுக்கொண்ட போக்குவரத்துத் திட்டம், வண்டி தரிக்கும் நிலத்தைக் குறைத்து வீட்டுக்கும் பூங்காவுக்கும் அளிக்கவேண்டுமெனக் கூறியது. மோட்டார் நகரம் என்று பெயர்பெற்ற ஊர், நிற்கும் வண்டி விலைமிக்க பொதுநிலத்தை உண்கின்றது என்பதை ஏற்றுக்கொண்டமை ஒரு திருப்பமே.

ஏட்டில் ஏறாத கடன்

வீதிகளைப் பேணுதலிலும் புதுமுறை புகுத்தப்பட்டது. 2010இல் மாநகரசபை தன் வீதி, நடைபாதை, விளக்கு என்பவற்றை 25 ஆண்டுகளுக்குப் பேணும் பொறுப்பை 270 கோடிப் பவுண் மதிப்புள்ள ஒப்பந்தத்தினால் ஒரு தனியார் கம்பனிக்கு அளித்தது. எவ்வீதி எந்நிலையிலுள்ளது என்பதுபற்றிய விவரத்திலேயே பிணக்கு மூண்டது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்று 2018இற் சபைக்குச் சார்பாக முடிந்தது. 2019இற் கம்பனி 21½ கோடிப் பவுண் செலுத்த உடன்பட்டு விலகிற்று. தன் வீதியின் நீளத்தையும் நிலையையும் தானே அறிந்திருத்தல் சபையின் முதற்கடமை என்பதை இவ்வழக்கு உணர்த்திற்று.

இதனினும் பெரிய கடன் வேறோரிடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. குப்பை அள்ளுவோர், வீதி கூட்டுவோர், வீதித் தொழிலாளர், புதைகுழி தோண்டுவோர் ஆகிய ஆண்டொழிலாளர்க்குச் சபை சம்பளத்தின்மேல் மேற்படிப்பணம் வழங்கி வந்தது. சமமான தரத்தினவாக மதிப்பிடப்பட்ட சமையல், துப்புரவு, நோயாளர் பராமரிப்பு முதலிய வேலைகளைச் செய்த பெண்களுக்கு அது வழங்கப்பட்டிலது. பெண்கள் வழக்குத் தொடுத்தனர். வேலையை விட்டுச் சென்றவரும் ஆறாண்டு எல்லைக்குள் குடியியல் நீதிமன்றத்தில் வழக்காடலாமென 2012இல் உயர்ந்த நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின் ஏறத்தாழ 110 கோடிப் பவுணைச் சபை இவ்வகையிற் கொடுத்தது. அதற்குப் பணம் தேடிச் சபை 1976இல் திறந்த தேசியக் கண்காட்சி நிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2015இல் 30 கோடியே 70 இலட்சம் பவுணுக்கு விற்றது. முன்னோர் குத்தகைக்கு விட்டுக் காத்த மரபில் வந்தவர், பழைய கடன் தீர்க்க உடைமையை விற்றனர்.

அதனாலும் கடன் தீர்ந்திலது. 2023 செப்தெம்பர் 5ஆம் நாள் சபையின் நிதியதிகாரி 1988ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி அறிவித்தல் விடுத்தார். சட்டம் கட்டாயப்படுத்தும் சேவைக்கன்றிப் புதிய செலவு எதுவும் செய்யலாகாது என்பதே அதன் பொருள். சம ஊதியக் கடன் 65 கோடி முதல் 76 கோடிப் பவுண்வரை இருக்குமென அப்போது மதிக்கப்பட்டது. அம்மதிப்பு மிகையென்று பின்னர் ஆய்வாளர் சிலர் வாதித்தனர். கணக்குவைத்தற்கென அமைத்த புதிய கணினிமுறை செயற்படாது பெருஞ்செலவு விளைத்தமையும், 2010இன் பின் நடுவணரசின் மானியம் குறைந்தமையும் உடன்சேர்ந்த காரணங்களாம். அரசாங்கம் ஆணையாளரை அனுப்பிற்று. 2024, 2025 ஆகிய இரண்டாண்டுகளில் நகரவரி முறையே ஏறத்தாழ 10 விழுக்காடும் 7½ விழுக்காடும் உயர்ந்தது. வீதிவிளக்குகளின் ஒளியை மங்கச்செய்து பணம் மிச்சம்பிடித்தலும் சிக்கனத் திட்டத்தில் இடம்பெற்றது. 2025 மார்ச்சில் குப்பை அள்ளுவோர் முழு வேலைநிறுத்தஞ் செய்ய, வீதிகளில் மாதக்கணக்காகக் குப்பை குவிந்தது. அவர்களுட் சிலர் வகித்த ஒரு பதவியை நீக்கியமையே அதன் காரணம். அப்பதவியை நீட்டித்தாற் புதிய சம ஊதிய வழக்கு எழுமென்பது சபையின் வாதம்.

முடிபு

இவ்வரலாற்றினின்றும் சில உண்மைகள் பெறப்படும். சிக்கனக்காரர் செலவிடாமையாற் றவறினர். வட்டவீதி அமைத்தோர் செலவிட்டமையாற் றவறினர். ஆகவே, செலவின் சிறுமையோ பெருமையோ நகராட்சிக்கு அளவுகோலாகாது. சேம்பர்லேனின் திட்டம் இன்றும் மதிக்கப்படுதற்குக் காரணம் அது பெருஞ்செலவாயிருந்தமையன்று. வருவாய் தரும் உடைமையைப் பொதுவுடைமையாக வைத்து, அதன் பயனை வருங்காலத்தவர்க்கும் வகுத்தமையே. உடைமையைப் பேணுதல் ஓராண்டின் வரவு செலவுத் திட்டத்துள் அடங்காத கடமையாகும்.

அதனினும் முதன்மையான பாடம் பகுத்தலைப் பற்றியது. முடுக்கில் நோயுற்ற தொழிலாளி, கோப்பரேசன் வீதிக்காக வீடிழந்த குடும்பம், சுரங்கப்பாதையில் அஞ்சி நடந்த முதியோர், மேற்படி பெறாத சமையற்காரி என ஒவ்வொரு காலத்திலும் ஒரு சாரார் கணக்கில் எழுதப்படாது விடப்பட்டனர். அவர்களை விட்டமையால் ஏடு அழகாகத் தோன்றிற்று. ஆயின் அவர்களுக்குரிய பங்கு அழியவில்லை. நோயாக, இடிக்கவேண்டிய வீதியாக, நீதிமன்றத் தீர்ப்பாக வட்டியுடன் மீண்டது. நகரசபையின் வரவு செலவுத் திட்டத்தைப் படிப்போர், எழுதப்பட்ட தொகைகளைக் கூட்டிப் பார்ப்பதோடமையாது, எழுதப்படாதவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினா சபையுள்ளே உரியகாலத்தில் எழுமாயின் வீதியும் செம்மையுறும், வரிப்பணமும் வீண்போகாது.